பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஜன்னல் பக்கம் வாங்கம்மா! தீப்பெட்டி முதல் எல்.இ.டி பல்பு வரை ஒரு வெளிச்ச வரலாறு

1.
பிறந்து மூணு நாலு நாள் ஆன குழந்தையைத் தூக்கிக்கிட்டு வருவாங்க.

"டாக்டர், பிள்ளை மஞ்சளா இருக்குன்னு எங்க அத்தை சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் அப்படித் தெரியல."

நான் உடனே ஸ்டெதஸ்கோப்பை எடுக்க மாட்டேன். "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஜன்னல் பக்கம் வாங்கம்மா" என்பேன்.

மஞ்சள் காமாலை, ரத்தசோகை, உடம்பு நீலம் பாய்தல், இந்த மூன்றையும் பகல் வெளிச்சத்தில் பார் என்பது மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தரும் பழைய பாடம். தலைக்கு மேலே பல்பு பளீர்னு எரியும்போது ஜன்னல் எதற்கு?

இந்தக் கேள்விக்கான விடை விருதுநகர் மாவட்டத்தைச் சுற்றி, மணவாளக்குறிச்சி கடற்கரைக்குப் போய், ஜப்பான் வரை நீள்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா வாசிங்க.

2.
முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம்.

எல்.இ.டி பல்புக்குள் "பாஸ்பர்" என்று ஒரு பொடி இருக்கிறது. உடனே நம்ம ஊர்க்காரர்கள், "தீப்பெட்டில இருக்கிற பாஸ்பரஸா டாக்டர்?" என்று கேட்பார்கள். இல்லை. பெயர்தான் ஒன்று.

1669ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிங் பிராண்ட் என்பவர் தங்கம் செய்கிறேன் என்று மனித மூத்திரத்தைக் காய்ச்சிக் காய்ச்சி, இருட்டில் தானே மினுங்கும் ஒரு வெள்ளைப் பொருளை எடுத்தார். கிரேக்க மொழியில் "ஒளியைச் சுமப்பது" என்று பொருள்படும் சொல்லில் அதற்குப் பாஸ்பரஸ் என்று பெயர் வந்தது. அது மினுங்கியது காற்றோடு சேர்ந்து மெல்ல எரிந்ததால்.

பாஸ்பர் என்பது வேறு. ஒரு வகை ஒளியை வாங்கி, இன்னொரு நிற ஒளியாகத் திருப்பித் தரும் எந்தப் பொடிக்கும் அதுதான் பெயர். உள்ளே பாஸ்பரஸ் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

3.
ஆனால் அந்த வெள்ளைப் பாஸ்பரஸின் கதையை ஒரு மருத்துவனாக நான் தாண்டிப் போக முடியாது.

19ஆம் நூற்றாண்டில் எங்கே உரசினாலும் பற்றும் தீக்குச்சிகளின் தலையில் இருந்தது வெள்ளைப் பாஸ்பரஸ். அதன் ஆவியைத் தினமும் சுவாசித்த தொழிலாளர்களுக்கு முதலில் பல்வலி வரும். அப்புறம் ஈறில் சீழ். அப்புறம் தாடை எலும்பே அழுகி உதிரும். 1845ல் வியன்னாவில் லோரின்சர் என்ற மருத்துவர் இந்த நோயைப் பதிவு செய்தார். பாதிக்கப்பட்டவர்களில் ஏராளமானோர் பெண்களும் சிறுமிகளும். 1888ல் லண்டனில் தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்கள் செய்த வேலைநிறுத்தம் வரலாற்றில் இடம்பெற்றது. அபராதம், குறைந்த கூலி, இந்தத் தாடை நோய், எல்லாம் அந்தக் கோபத்தில் இருந்தன.

(இதே மாதிரி தாடை எலும்பு அழுகலை 2003ல் மருத்துவர்கள் மறுபடியும் பார்த்தார்கள். இந்த முறை காரணம், புற்றுநோயாளிகளின் எலும்பைக் காக்கக் கொடுத்த பிஸ்பாஸ்போனேட் மருந்து. அந்த ஊசி போடுவதற்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்துட்டு வாங்கன்னு நாங்க சொல்வது இதனால்தான்.)

4.
இங்கேதான் இந்தப் பதிவின் மையமான விஷயம் வருகிறது. வெள்ளைப் பாஸ்பரஸ் எப்படி ஒழிந்தது?

அது ஆபத்து என்று தெரிந்தது 1845ல். சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்தில் பூசும் பாதுகாப்புத் தீப்பெட்டியை ஸ்வீடனின் லண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் 1855 வாக்கிலேயே விற்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனாலும் மலிவான வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி இன்னும் அரை நூற்றாண்டு ஓடியது. எங்கே உரசினாலும் பற்றும் வசதியை மக்கள் விடவில்லை. அதே வசதியைத் தரும், ஆனால் தாடையை அழுக வைக்காத மாற்று ரசாயனத்தை 1898ல் பிரான்சில் இரண்டு வேதியியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். 1906ல் பெர்ன் ஒப்பந்தம் வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சியைத் தடை செய்தது. அமெரிக்காவில் அந்த மாற்று ரசாயனத்தின் காப்புரிமையை வைத்திருந்த கம்பெனி, 1911ல் அதைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்தது. அடுத்த வருடமே அங்கே சட்டம் வந்தது.

ஆபத்து என்று தெரிவது மட்டும் போதாது. மாற்றுப் பொருள் வேண்டும். அது சின்ன முதலாளிக்கும் எட்ட வேண்டும். அப்புறம் சட்டம் வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் தொழிலாளி பிழைப்பார். இதை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

5.
இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்தது 1913ல்.

அதற்குச் சுமார் பத்து வருடம் கழித்துத்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு, 1923ல் ஊருக்குத் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். மழை பொய்த்த கரிசல் பூமிக்கு அது ஒரு வாழ்வாதாரம் ஆனது.

பத்து வருட இடைவெளிதான். சட்டம் வராமல் இருந்திருந்தால், அந்தத் தாடை நோயின் அடுத்த வார்டு நம்ம மாவட்டத்திலேயே இருந்திருக்கலாம். தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை பார்த்த அவலம் நம்ம ஊருக்கு இருந்தது. 1996ல் உச்ச நீதிமன்றம் வரை அது போனது. ஆனால் வெள்ளைப் பாஸ்பரஸ் என்ற பேயிடமிருந்து தப்பித்தோம். எங்கேயோ ஐரோப்பாவில் யாரோ போராடியதன் பலன் அது.

6.
இப்போ மணவாளக்குறிச்சிக்குப் போவோம்.

பெட்ரோமாக்ஸ் லைட் ஞாபகம் இருக்கா? கல்யாண ஊர்வலம், திருவிழாக் கடை, கரண்ட் இல்லாத கிராமத்து நாடகம். 1984ல் வந்த "வைதேகி காத்திருந்தாள்" படத்தில் கவுண்டமணி அந்த மேன்டிலைக் காட்ட, செந்தில் அதை நசுக்கிவிடுவார். ஊரே சிரிச்சோம்.

அது ஏன் அவ்வளவு எளிதாக நொறுங்கியது? மேன்டில் என்பது தோரியம், சீரியம் உப்பில் நனைத்த ஒரு வலைத்துணி. முதல் தடவை கொளுத்தியதும் துணி எரிந்துபோய், அந்த உலோகங்களின் ஆக்சைடு மட்டும் துணியின் வடிவத்திலேயே நிற்கும். அதாவது சாம்பலால் ஆன ஒரு கூடு. தொட்டாலே போச்சு.

ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் வான் வெல்ஸ்பாக் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1885ல். பல கலவைகளை முயன்று, 99 பங்கு தோரியத்துக்கு 1 பங்கு சீரியம் என்ற அளவில்தான் பிரகாசமான வெள்ளை ஒளி வருகிறது என்று பிறகு கண்டுகொண்டார்.

7.
இந்தத் தோரியமும் சீரியமும் மோனசைட் என்ற மணலில் சேர்ந்தே இருக்கும். 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு வந்து சேர்ந்த இடம்தான் மணவாளக்குறிச்சி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். நம்ம கடற்கரை மணல் உலகத்தின் தெருவிளக்குகளில் எரிந்தது.

அதே வெல்ஸ்பாக் 1903ல் சீரியத்தை இரும்போடு கலந்து, உரசினால் பொறி பறக்கும் உலோகத்தையும் செய்தார். இன்று பெட்டிக்கடையில் தொங்கும் சக்கர லைட்டருக்குள் இருக்கும் கல் அதுதான். அந்த மலிவு லைட்டரால் தீப்பெட்டித் தொழில் படுத்துவிட்டது என்று சிவகாசியும் கோவில்பட்டியும் சாத்தூரும் முறையிட்டதால்தான், 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023ல் மத்திய அரசு தடை போட்டது.

சீரியம். இந்தப் பெயரை மறக்காதீங்க. அடுத்து நம்ம வீட்டு பல்புக்குள்ளும் இதே ஆசாமிதான் உட்கார்ந்திருக்கிறார்.

8.
எல்.இ.டி ஒன்றும் புதுசு இல்லை. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டியை நிக் ஹோலன்யாக் 1962லேயே செய்துவிட்டார். பச்சையும் வந்தது. நீலம் மட்டும் முப்பது வருடம் யாருக்கும் மசியவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை.

ஜப்பானின் அகாசாகி, அமானோ ஒரு பக்கம், நகமுரா இன்னொரு பக்கம் காலியம் நைட்ரைடு என்ற பொருளோடு மல்லுக்கட்டினார்கள். 1993ல் பிரகாசமான நீல எல்.இ.டி வெளியே வந்தது. மூன்று பேருக்கும் 2014ல் நோபல் பரிசு.

நகமுரா வேலை பார்த்த நிச்சியா கம்பெனி தலைநகர் டோக்கியோவில் இல்லை. அனான் என்ற சின்ன ஊரில் இருந்தது. அது டியூப்லைட்டுக்கும் டிவி படக்குழாய்க்கும் பாஸ்பர் பொடி செய்து விற்ற கம்பெனி. பொடி பற்றிய அனுபவம் கையிலேயே இருந்தது. நீலச் சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பொடியைப் பூசினார்கள். 1996ல் வெள்ளை எல்.இ.டி பிறந்துவிட்டது.

அந்தப் பொடி, யிட்ரியமும் அலுமினியமும் சேர்ந்த ஒரு படிகம். அதில் துளியூண்டு சீரியம். நீல ஒளியை வாங்கி மஞ்சளாகத் திருப்பித் தருவது அந்தச் சீரியம்தான். இந்தப் பொடி 1967லேயே ஹாலந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் அறியப்பட்டது. துணைக்கு ஒரு நீல விளக்கு கிடைக்க அது முப்பது வருடம் காத்திருந்தது.

பியூஸ் போன ஒரு எல்.இ.டி பல்பின் வெள்ளை மூடியைக் கழற்றிப் பாருங்க. உள்ளே வரிசையா மஞ்சள் பொட்டு வச்ச மாதிரி இருக்கும். அதுதான்.

9.
சரி, இப்போ ஜன்னலுக்கு வருவோம்.

நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் கண்ணுக்கு வெள்ளை. பல்பைப் பார்த்தால் வெள்ளை, வெள்ளைத் தாளைப் பார்த்தாலும் வெள்ளை. நம்ம கண்ணை ஏமாற்ற அது போதும்.

ஆனால் ஒரு சிவப்புப் பொருள் சிவப்பாகத் தெரிய வேண்டுமானால், அதன் மேல் விழும் ஒளியில் சிவப்பு இருக்க வேண்டும். இல்லாததை அது எங்கிருந்து திருப்பித் தரும்? சீரியப் பொடி மஞ்சளைத் தாராளமாகத் தருகிறது, சிவப்பைக் கஞ்சத்தனமாகத் தருகிறது. அந்த வெளிச்சத்தில் மிளகாய் வத்தல் பழுப்படிக்கும், தக்காளி வாடினது மாதிரி தெரியும், மனிதத் தோல் ரத்தமில்லாத மாதிரி வெளிறும்.

சூரிய ஒளியில் எல்லா நிறமும் இடைவெளி இல்லாமல் இருக்கிறது. ஜன்னல் பக்கம் நாங்கள் போவது அதற்குத்தான்.

10.
எங்களுக்கு ஏன் இது உயிர்ப் பிரச்சினை?

ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறதா இல்லையா என்ற வித்தியாசம், ஆழ்ந்த சிவப்பில், 660 நானோமீட்டர் பக்கம்தான் தெளிவாகத் தெரியும். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் நினைவிருக்கா? உள்ளே சிவப்பாக எரிந்ததே, அது 660ல் எரியும் எல்.இ.டி. சாதாரண வெள்ளை எல்.இ.டியில் மிகக் குறைவாக இருப்பது இந்த இடம்தான். அதனால்தான் நோயாளியின் உதடு நீலம் பாய்வதைக் கண்டுகொள்ளும்படி மருத்துவமனை விளக்கு இருக்கிறதா என்று அளக்க, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தனித் தரஅளவே வைத்திருக்கிறார்கள்.

பச்சிளம் குழந்தைக்கு வருவோம். மஞ்சள் தூக்கலான வெளிச்சத்தில் எல்லாருமே மஞ்சள். அதில் பிள்ளையின் மஞ்சள் தெரியாது. வெளிறிய வெளிச்சத்தில் எல்லாருமே வெளுப்பு. காமாலை அளவு மீறி மூளையைத் தொட்டுவிட்டால், காது கேளாமையிலும் கை கால் முடக்கத்திலும் கொண்டுபோய் விடும். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் வைத்தியம் எளிது.

அந்த வைத்தியமே வெளிச்சம்தான் என்பது இன்னொரு விசேஷம். 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஒரு நர்ஸம்மா குழந்தைகளை வெயிலில் காட்டும் பழக்கம் வைத்திருந்தார். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுத்திருப்பதை அவர்தான் முதலில் கவனித்தார். 1958ல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. இன்று பிள்ளைகளை நீல எல்.இ.டிக்கு அடியில் படுக்க வைக்கிறோம். நகமுராவின் அதே நீலக் குடும்பம்தான்.

(வெயில்ல காட்டினா சரியாயிடும்னு வீட்டிலேயே உட்கார்ந்துடாதீங்க. எவ்வளவு மஞ்சள் என்று அளக்க வேண்டும்.)

11.
பல்பின் நிறத்தரத்துக்கு ஒரு மதிப்பெண் உண்டு. சி.ஆர்.ஐ. சூரிய ஒளி மாதிரி இருந்தால் 100. நம்ம கடை பல்புகளில் பெரும்பாலும் 80 என்று போட்டிருப்பார்கள்.

எண்பது மார்க்கா, நல்ல மார்க் தானேன்னு நினைக்காதீங்க. அந்தச் சராசரியை எடுப்பது எட்டு வெளிர் நிறங்களை வைத்து. அடர் சிவப்பு ஒன்பதாவது நிறம், அதற்கு ஆர்9 என்று பெயர். சராசரியில் அது சேராது. 80 வாங்கிய பல்பு ஆர்9ல் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கலாம். மொத்த மதிப்பெண்ணில் பாஸ், முக்கியமான பாடத்தில் பெயில்!

12.
சிவப்பு எப்போதும் கடைசியாகத்தான் வந்து சேரும். கலர் டிவியிலும் இதே கதை. சிவப்பு மங்கலாக இருந்ததால் மற்ற நிறங்களையும் அடக்கி வாசித்தார்கள். 1960களின் நடுவில் யூரோப்பியம் என்ற உலோகம் வந்த பிறகுதான் படக்குழாயில் சிவப்பு நிமிர்ந்தது.

எல்.இ.டியையும் காப்பாற்ற வந்தது அதே யூரோப்பியம். 2000க்குப் பிறகு ஹாலந்திலும் ஜப்பானிலும் நைட்ரைடு படிகங்களில் யூரோப்பியத்தைக் குடிவைத்து, சூட்டையும் ஈரத்தையும் தாங்கும் சிவப்புப் பொடி செய்தார்கள். அந்தப் படிகங்கள் பலவற்றில் யூரோப்பியத்துக்கு வீடு கொடுப்பது எது தெரியுமா? ஸ்ட்ரான்சியம். நம்ம சிவகாசி வாணத்தில் சிவப்பு நிறம் கொடுக்கும் அதே உலோகம்! பச்சையாக ஒளிரும் பொடிகள் சிலவற்றில் வீடு கொடுப்பது பேரியம். அதுவும் நம்ம ஊர்ப் பச்சை வாணத்தின் சரக்குதான்.

வாணத்தில் அவை தீயில் எரிந்து தாங்களே நிறம் தரும், காற்றோடு போகும். பல்பில் படிகத்துக்குள் பூட்டப்பட்டு வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும்.

13.
பேரியம் என்றதும் சிவகாசிக்காரர்களுக்கு வயிறு கலங்கும். நியாயம்தான்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. 2021ல் மறுபடியும் உறுதி செய்தது. பச்சை நிறத்துக்கு மட்டுமா பேரியம்? கம்பி மத்தாப்பில் தீக்கு ஆக்சிஜன் கொடுப்பதே பேரியம் நைட்ரேட்தான். குடும்பம் குடும்பமாகப் பிழைத்த தொழில்.

மருத்துவனாகச் சொல்கிறேன், தண்ணீரில் கரையும் பேரியம் விஷம். ரத்தத்தில் பொட்டாசியத்தைச் சரித்து, தசையை முடக்கி, இதயத் துடிப்பைக் குலைக்கும். அதே பேரியத்தின் கரையாத உப்பை எக்ஸ்ரே எடுக்க நாங்களே குடிக்கக் கொடுக்கிறோம். கரையாததால் குடலோடு வந்து குடலோடு போய்விடும். ஆக ஒரு பொருள் எந்த வடிவத்தில் இருக்கிறது, யார் மூக்குக்குள் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மருந்து கலக்கும் கைக்கும் மூக்குக்கும்தான் முதல் ஆபத்து.

தடை சரி. ஆனால் நாலாவது பகுதியில் சொன்னதை நினைச்சுப் பாருங்க. மாற்றுப் பொருள், அது சின்ன ஆலைக்கும் எட்டுவது, அப்புறம் சட்டம். இங்கே சட்டம் முந்திக்கொண்டது, மாற்று இன்னும் எல்லாரிடமும் போய்ச் சேரவில்லை. நடுவில் நிற்பவர் வாரக்கூலி வாங்கும் ஒரு அக்கா.

14.
பல்பு விஷயத்திலும் இதே சிக்கல்தான், வேறு உருவத்தில்.

2014ல் அரசு கொள்முதலில் ஒரு எல்.இ.டி பல்பு 310 ரூபாய். 2016ல் 38 ரூபாய்! 2015ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேல் பல்பு கொடுத்தார்கள். மின்சாரம் மிச்சமானது, குண்டு பல்பு விடைபெற்றது. பெரிய சாதனை, சந்தேகமே இல்லை.

ஆனால் அட்டையில் நாம் பார்ப்பது வாட்டும் விலையும்தான். ஒரு வாட்டுக்கு எவ்வளவு வெளிச்சம் என்ற கணக்கில் சிவப்புக்கு மதிப்பு குறைவு. காரணம், நம்ம கண் பச்சைக்கு ரொம்பக் கூர்மை, ஆழ்ந்த சிவப்புக்கு மந்தம். சிவப்பைச் சேர்த்தால் அந்தக் கணக்கு இறங்கும், விலை ஏறும். எனவே தயாரிப்பவர் எதைக் குறைப்பார்? சிவப்பைத்தான்.

குறுகலான ஒரே இடத்தில் மட்டும் சிவப்பைத் தரும் மாங்கனீஸ் பொடி இந்தக் கணக்கைச் சமாளிக்கக் கிடைத்த வழிகளில் ஒன்று. 631 நானோமீட்டர் பக்கம் ஒளிரும், கண்ணுக்கு எட்டாத சிவப்பில் சக்தியை வீணாக்காது. ஈரம் பட்டால் கெடும் என்பது அதன் குறை. ஆராய்ச்சி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. விருதுநகரிலிருந்து வெகுதூரமில்லாத காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திலும் ஒளிரும் பொடிகள் மீது வேலை நடந்திருக்கிறது. மணல் நம்மது, பேரியமும் ஸ்ட்ரான்சியமும் கையாளத் தெரிந்த ஊர் நம்மது, ஆய்வகமும் பக்கத்தில். இதைச் சேர்த்துப் பார்க்க யாராவது உட்கார்ந்தால் சந்தோஷப்படுவேன்.

15.
நீங்க என்ன செய்யலாம்?

பல்பு வாங்கும்போது அட்டையில் சி.ஆர்.ஐ பாருங்க. வீடு முழுக்க வேண்டாம். பிரசவித்தவர், வயசானவர், நோயாளி படுக்கும் அறையிலும் அடுப்படியிலும் மட்டும் 90க்கு மேல் போடுங்க. ஆர்9 எழுதியிருந்தால் 50க்கு மேல் இருக்கட்டும்.

எழுதவில்லையா? ஒரு காய்ந்த மிளகாயையும் உங்கள் உள்ளங்கையையும் ஜன்னலோரம் பாருங்க. அப்புறம் அந்தப் பல்புக்கு அடியில் பாருங்க. வித்தியாசம் தெரிந்தால், அந்த வெளிச்சத்தில் உடம்பின் நிறத்தை நம்பாதீங்க.

பிறந்த குழந்தையை முதல் ஒரு வாரம் தினமும் பகலில் ஜன்னல் பக்கம் வைத்துப் பாருங்க. மூக்கு, நெஞ்சு, கால் என்று விரலால் மெல்ல அழுத்தி எடுங்க. எடுத்த இடம் மஞ்சளாகத் தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்க. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் வந்தாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ, நேரம் பார்க்காமல் கிளம்புங்க.

16.
முதலில் சொன்ன அந்த அம்மாவிடம் வருவோம். ஜன்னலோரம் வந்து பிள்ளையின் நெஞ்சை நான் அழுத்தி எடுத்ததும், நான் சொல்வதற்கு முன்னால் அவங்களே சொல்லிடுவாங்க, "ஆமா டாக்டர், மஞ்சளாத்தான் இருக்கு."

பிள்ளையின் அத்தைப்பாட்டியோ அப்பத்தாவோ பக்கத்தில் நின்று "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார்கள். அவர்கள் பிள்ளையைப் பார்த்தது வாசல் திண்ணை வெளிச்சத்தில். அதான் சரியாகத் தெரிந்திருக்கிறது.

நல்ல சிவப்புள்ள பல்பு எல்லா வீட்டுக்கும் மலிவா வர்ற வரைக்கும், ஜன்னலைத் திறந்து வைங்க.